சூட்டை வெளியே விடாத சுவர்

குளிர்நாட்டு வீடுகளில் எரிசக்திச் செலவின் பெரும்பகுதி அறையைச் சூடாக வைத்திருக்கவே போகிறது. அந்தச் சூடோ கூரை, சன்னல், சுவர், இடுக்கு என எல்லா வழியிலும் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். தனி வீடுகளில் சுவரின் பரப்பு அதிகம். இழப்பிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 24 செ.மீ. கனமுள்ள வெறும் செங்கற்சுவரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 வாட் வெப்பம் வெளியேறும். அதன்மேல் 10 செ.மீ. தெர்மாகோல் பலகையை ஒட்டினால் இது 6 வாட்டாகக் குறையும். சுவர்ப்பரப்பு 100 சதுர மீட்டர் என்றால், சுவர் வழி இழப்பை ஈடுகட்ட ஏறக்குறைய நான்கு 1,000 வாட் ஹீட்டர்கள் எரிந்த இடத்தில் ஒன்றே போதும். அதுவும் முழு நேரமும் எரிய வேண்டியதில்லை. இதையே செங்கல்லால் சாதிக்க வேண்டுமானால் இன்னும் 2 மீட்டர் கனத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். கோட்டை கட்டுபவர்களுக்கு அது சரிப்படலாம்.

இந்த வேலையைச் செய்வது உண்மையில் காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அசைந்தால் வெப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். ஆகவே அதைச் சிறுசிறு அறைகளில் அடைத்துவைக்க வேண்டும். தெர்மாகோலின் கன அளவில் சுமார் 98 சதவீதம் காற்றே. கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த நார் எல்லாம் இதே தத்துவத்தில் இயங்குபவை. நார்களுக்கிடையே ஈரம் புகுந்தால் பயன் போய்விடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும்.

சுவர்க் கல்லுக்குள்ளேயே காற்றை அடைக்கும் வழியை 1920களில் சுவீடனின் ஜோஹன் ஆக்சல் எரிக்சன் உருவாக்கினார். சுண்ணாம்பும் சிலிக்காவும் கலந்த குழம்பில் அலுமினியப் பொடியைச் சேர்த்தால் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து கலவை உப்பும். அதை அழுத்த நீராவியில் பதப்படுத்தினால் கல்லாகும். இன்று சென்னை அடுக்குமாடிக் கட்டடங்களில் அடுக்கப்படும் ஏஏசி பிளாக் இந்த வழியில் வந்ததுதான். இங்கே அதன் வேலை எடையைக் குறைப்பதும் வெயிலைத் தடுப்பதும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பிய அரசுகள் பலவும் சுவரைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கின. மேற்கு ஜெர்மனியின் வெப்பக்காப்பு விதிகள் 1977இல் நடைமுறைக்கு வந்தன. 1991இல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டின் முயற்சியில் எழுந்த நான்கு தொடர்வீடுகளின் சுவர்களில் தெர்மாகோல் மட்டுமே 27.5 செ.மீ. கனம். இத்தகைய ‘பாசிவ் ஹவுஸ்’ வீட்டைச் சூடாக்க ஆண்டுக்குத் தரைப்பரப்பின் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக் கூடாது என்பது விதி. எண்ணெய்க் கணக்கில் ஒன்றரை லிட்டர்.

ஆனால் கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் அதே விகிதத்தில் வராது. மேற்சொன்ன சுவரில் முதல் 10 செ.மீ. 32 வாட்டைத் தடுக்கிறது. அடுத்த 10 செ.மீ. தடுப்பது வெறும் 3 வாட். அந்த நிலையில் பணத்தைச் சன்னலிலும் கூரையிலும் இணைப்புகளிலும் போடுவதே புத்திசாலித்தனம். இணைப்புகள்தான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன. அறைத்தளத்தின் கான்கிரீட் அப்படியே பால்கனியாக நீண்டால், காப்பைத் துளைத்துக்கொண்டு சூடு வெளியேற ஒரு பாலம் கிடைத்துவிடும். அந்த மூலை குளிர்ந்து, அறையின் ஈரம் அங்கே படிந்து, பூசணம் பிடிக்கும். காப்பை உட்புறம் ஒட்டினாலும் இதே ஆபத்து: பழைய சுவர் குளிரிலேயே நிற்பதால், காப்புக்குப் பின்னே புகும் ஈரக்காற்று அதில் நீராகப் படியலாம். முகப்பின் பழைய அழகைக் காக்க வேண்டிய கட்டடங்களைத் தவிர, மற்றவற்றுக்கு வெளிப்புறக் காப்பே பாதுகாப்பானது. இடுக்குகளை இறுக அடைத்தபின், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் காற்றோட்டக் கருவியும் தேவைப்படும்.

தீயும் கணக்கில் வர வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவர் தீவிபத்தில் 72 பேர் இறந்தனர். தீ பரவ முதன்மைக் காரணம் வெளிச்சுவரை மூடியிருந்த பலகைகளின் பாலிஎத்திலீன் உள்ளடுக்கு. அவற்றுக்குப் பின்னிருந்த நுரைக்காப்பும் எரிந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்குத் தடை விதித்தது. அத்தகைய இடங்களுக்குப் பாறைக் கம்பளி பொருந்தும், அது எரியாது. ஆனால் நல்ல நுரைப்பலகை தரும் காப்பை அதில் பெற ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம் வேண்டும், எடையும் கூடும்.