வண்டியைத் தூக்கிட்டாங்க, உள்ளே இருக்கிற பீஸ்?

முதலிபாளையம் சிட்கோ பக்கம் பண்டல் ஏற்றிய டெம்போவை நோ பார்க்கிங்னு இழுத்துட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க. வண்டி டிரைவரோடது, உள்ளே இருக்கிற கட்டிங் பீஸ் கம்பெனியோடது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு, இழுத்த செலவை வண்டி உரிமையாளரிடம் வாங்கச் சொல்கிறது. சரக்கைப் பிடித்துவைக்கலாம் என்று அதில் எங்குமே இல்லை. டெலிவரி சலானைக் காட்டி, பண்டல் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்துக் கேளுங்க. நகலில் கையெழுத்து வாங்கிக்குங்க.

குற்ற வழக்கில் பிடித்த வண்டின்னா கதை வேற. மாஜிஸ்திரேட்டிடம் மனு போடணும். அங்கே உதவுவது சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: போட்டோ எடுத்து, பாண்டு வாங்கி, பொருளைச் சீக்கிரம் ஒப்படைக்கணும். ஸ்டேஷனில் இருந்த பொருளைப் போலீஸ்காரர்களே மாற்றி வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட குஜராத் வழக்கு அது. பட்டியல் ஏன் முக்கியம்னு இப்போ புரியுதா?