ஹசீப் ஹமீதும் எமது மைதானங்களும்

2025 செப்டெம்பரில் இங்கிலாந்தின் கவுண்டி சம்பியன்ஷிப் கிண்ணத்தை நொட்டிங்ஹாம்ஷயர் அணி 15 வருடங்களின் பின்னர் சுவீகரித்துக்கொண்டது. அவ்வணியின் தலைவர் 28 வயதான ஹசீப் ஹமீத். இப்பெயரை எமது வாசகர்களில் பலர் மறந்துபோயிருக்கக்கூடும். ஆனால், 2016 இல் கிரிக்கெட் உலகம் வியந்து நோக்கிய இளைஞர் அவர்.

இந்தியாவின் குஜராத்திலிருந்து குடிபெயர்ந்த முஸ்லிம் குடும்பமொன்றில், பொல்டன் நகரில் 1997 இல் பிறந்தவர் ஹமீத். தந்தையே அவருடைய முதற் பயிற்றுவிப்பாளர். 2015 இல் லங்காஷயர் அணியில் இடம்பிடித்தார். மறு வருடம் பரம வைரிகளான யோர்க்ஷயருக்கு எதிராக ஒரே போட்டியின் இரு இனிங்ஸ்களிலும் சதமடித்தார். ஒரே பருவத்தில் 1000 ஓட்டங்களைக் கடந்த மிக இளைய லங்காஷயர் வீரர் என்ற பெருமையும் அவ்வருடமே அவரைச் சேர்ந்தது. பந்தை இறுதி நொடிவரை பார்த்து ஆடுவதும், ஆடத் தேவையில்லாத பந்தை அமைதியாக விட்டுவிடுவதும் அவரது பலம். 'குட்டி போய்கொட்' என்று இரசிகர்கள் அவரை அழைத்தது இதனாலேயே.

2016 நவம்பரில் ராஜ்கோட்டில், தமது மூதாதையரின் மாநிலத்திலேயே, 19 வயதில் டெஸ்ட் அறிமுகம். 31, 82 என்பன அவர் பெற்ற ஓட்டங்கள். இரண்டாவது இனிங்ஸில் அணித் தலைவர் அலஸ்டயர் குக்குடன் சேர்ந்து 180 ஓட்டங்கள். விசாகப்பட்டினத்தில் தோல்வியைத் தவிர்ப்பதற்காக 144 பந்துகளை எதிர்கொண்டு 25 ஓட்டங்கள். மொஹாலியில் சுண்டுவிரல் முறிந்த நிலையில், ஆரம்ப வீரராக இறங்க முடியாமல் எட்டாம் இலக்கத்தில் களமிறங்கி, ஆட்டமிழக்காமல் 59. போட்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆயினும் எதிரணித் தலைவர் விராட் கோலியே அவரை மனந்திறந்து பாராட்டினார். விரலில் சத்திரசிகிச்சைக்காக ஹமீத் நாடு திரும்பினார்.

அதன் பின்னர் நடந்தவையே எமது கவனத்துக்குரியவை. விரல் குணமடைந்தது, ஓட்டங்கள் திரும்பவில்லை. 2018 பருவத்தில் அவரது சராசரி பத்தைக்கூட எட்டவில்லை. 2019 இல் லங்காஷயர் அவரை விடுவித்தது. 22 வயதில் முடிந்துபோன வீரர் என்று எழுதியோரும் உண்டு. (ஒரு வருடத்துக்குள் ஒருவரை வானத்தில் ஏற்றி மறு வருடத்தில் நிலத்தில் போடும் வழக்கம் பத்திரிகைத் துறையில் உள்ள எங்களுக்கும் புதியதல்ல.) நொட்டிங்ஹாம்ஷயர் அவருக்குக் கதவு திறந்தது. 2021 இல் மீண்டும் இங்கிலாந்து அணிக்கு வந்தார். லோர்ட்ஸில் முதற்பந்திலேயே ஆட்டமிழந்தார். லீட்ஸில் 68, ஓவலில் 63 பெற்றார். அவுஸ்திரேலியாவில் நான்கு டெஸ்ட்களிலும் சேர்த்து 80 ஓட்டங்களே பெற்று, 2022 ஜனவரியில் மீண்டும் நீக்கப்பட்டார். அப்போதும் அவருடைய கவுண்டி அவரைக் கைவிடவில்லை. 2024 இல் தலைமைப் பதவியையே வழங்கியது.

சென்னையில் 1968 இல் பிறந்த நாசர் ஹுசைனின் கதையும் இதுவே. 1990 இல் அறிமுகமாகி, நீக்கப்பட்டு, 1993 இல் மீண்டு, மறுபடி நீக்கப்பட்டு, 1996 இல்தான் முதலாவது டெஸ்ட் சதத்தைக் கண்டார். 2001 இல் இலங்கைக்கு வந்து 2-1 எனத் தொடரை வென்ற அணியின் தலைவர் அவரே. இவ்விருவரின் மன உறுதி பெரிதுதான். ஆனால், விழுந்தவர் எழுவதற்கு அங்கே 18 கவுண்டிகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எமது வாவிக்கரைக்கு வருவோம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் மாலையானால் மட்டையோடு நிற்காத இளைஞர் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் ஆடுவது மென்பந்து. அதுவும் ஐந்து ஓவர், பத்து ஓவர் சுற்றுப்போட்டிகள். அங்கே பந்தை விட்டுவிடுவது திறமையன்று, குற்றம். ஐந்து ஓவர் போட்டியில் ஓர் அணி முழுவதற்கும் கிடைப்பது 30 பந்துகள். விசாகப்பட்டினத்தில் ஹமீத் தனியொருவராக எதிர்கொண்டது 144. அப்படியொரு பொறுமை படுவான்கரைச் சிறுவன் ஒருவனிடம் இருந்தால், அதைக் காண்பதற்கான ஆட்டமே இங்கில்லை.

கண்டுகொண்டாலும் அடுத்த படி ஏது? 19 வயதில் பாடசாலை அணி முடிகிறது. முதற்தரக் கழகங்களில் மிகப் பெரும்பாலானவை கொழும்பிலும் அதனைச் சூழவுமே உள்ளன. அங்கு தங்குமிடம், உணவு, உபகரணம் என்பவற்றின் செலவை மீனவரோ விவசாயியோ ஆன தந்தையால் தாங்கவியலாது. முதல் முயற்சியில் தோற்றவன் ஊர் திரும்பி முச்சக்கரவண்டி ஓட்டுகிறான், அல்லது கட்டாருக்குப் போகிறான். அவனுக்கு நொட்டிங்ஹாம்ஷயர் இல்லை.

யுத்த காலத்தில் எழுவான்கரைப் பிள்ளைகள் படுவான்கரைக்கு விளையாடச் செல்வதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. தமிழ், முஸ்லிம் கிராமங்களிடையேயும் பல வருடங்கள் அவ்வாறே கழிந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பாதையில் வாவியைக் கடக்கக் காத்துநின்ற நிலையும் மாறிவிட்டது. விரிப்பு ஆடுகளமும் கடினபந்தும் நான்கைந்து பாடசாலைகளுக்குக் கிடைத்தால், இரு கரைகளையும் இரு சமூகங்களையும் சேர்ந்த அணிகளுக்கிடையே இரண்டு நாள் போட்டிகளை நடத்துவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. பாடசாலையை விட்டு விலகியோருக்கும் அதே ஆட்டத்தில் ஓர் அணி இருத்தல் வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகளும் மாவட்ட விளையாட்டு அதிகாரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் வரும் பருவம் தொடங்குமுன் கூடிப் பேசுவதற்கு உரிய விடயம் இதுவெனக் கருதுகிறோம்.