முதலில் நகல், பிறகு வைத்தியம்

2003 பிப்ரவரி 1. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். ஓடத்தின் துண்டுகளைப் பல மாதங்கள் வயல் வயலாகத் தேடிப் பொறுக்கினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, கருகி உருக்குலைந்த ஒரு கணினி ஹார்ட் டிஸ்க். உள்ளே தூசியும் மண்ணும் புகாதபடி காக்கும் ரப்பர் விளிம்பு உருகிப்போயிருந்தது. மின்சுற்றுப் பாகங்கள் எரிந்திருந்தன.

செனான் என்ற வாயுவைப் பற்றிய ஒரு சோதனையின் அளவீடுகள் அந்த டிஸ்க்கில் இருந்தன. தக்காளி சாஸ் பாட்டிலை உலுக்கினால் சாஸ் இளகி ஓடுகிறதே, அதைப் போலக் கலக்கக் கலக்க இளகும் குணம் செனானுக்கும் ஒரு குறிப்பிட்ட நிலையில் உண்டா என்பதுதான் கேள்வி. பூமியின் ஈர்ப்பு குறுக்கிடாத இடத்தில்தான் இதை அளந்து பார்க்க முடியும். அந்தக் கருகிய டிஸ்க் மினசோட்டாவில் உள்ள கிரோல் ஆன்ட்ராக் என்ற தரவு மீட்பு நிறுவனத்துக்குப் போனது. அங்கே உள்ளிருந்த தட்டுகளை மட்டும் கழற்றி, ரசாயனக் கரைசலில் கழுவி, வேறொரு டிஸ்க்கின் உடலுக்குள் பொருத்திப் படித்தார்கள். 99 சதவீதத் தரவு திரும்பக் கிடைத்தது. சோதனையின் முடிவு 2008இல் ‘ஃபிசிக்கல் ரிவியூ ஈ’ ஆய்விதழில் வெளியானது.

சில விஷயங்கள் கைகொடுத்தன. தட்டுகள் வளையவில்லை. அந்தக் கணினி பழைய டாஸ் இயங்குதளத்தில் ஓடியதால் தரவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறடிக்காமல் வரிசையாக எழுதி வைத்திருந்தது. டிஸ்க்கில் பாதியளவுதான் நிரம்பியிருந்தது. குழி விழுந்த இடங்களில் பெரும்பாலும் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்திருக்கிறது. நம் வீட்டு மேசையிலேயே இருந்த டிஸ்க்குகள் எத்தனையோ பிழைக்கவில்லை. நான் பார்த்தவரையில், அவற்றில் பலவற்றைக் கொன்றது நோய் அல்ல, வைத்தியம்தான்.

போன வருஷம் அக்காவிடமிருந்து போன் வந்தது. “தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டோ ஃபோல்டரைத் திறந்தா அப்படியே நின்னுடுதுடா. அப்பாவோட படம் பூரா அதுலதான் இருக்கு. கடைப் பையன் ஸ்கேன் போட்டாச் சரியாயிடும்கிறான்.”

“அக்கா, ஸ்கேன் எல்லாம் வேண்டாம். இப்பவே சுவிட்ச்சை அணைச்சிடு. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

அவள் அணைத்துவிட்டாள். மீட்பு வேலையில் பாதி அந்த ஒரு நொடியிலேயே முடிந்துவிட்டது.

ஏன் என்று புரிய, டிஸ்க்கின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அலுமினியத்திலோ கண்ணாடியிலோ செய்த, மெல்லிய காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தட்டுகள். அவற்றின் மேல் ஒரு கையின் நுனியில் தொங்கும் ‘ஹெட்’ என்ற நுண்ணிய உணரி. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஹெட்டுக்குக் கீழே ஓடுகிறது. ஹெட் தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் தோராயமாக 80,000 நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு தூசித் துகள் கூட நுழையக் கூடாது. நுழைந்தால் தட்டில் கீறல் விழும். கீறலில் உதிரும் பொடி அடுத்த கீறலைப் போடும்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் படம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு விலையாக நாம் கொடுத்தது இந்த இடைவெளியைத்தான். ஹெட் தட்டை நெருங்க நெருங்கத்தான் காந்தப் புள்ளிகளை இன்னும் சிறிதாக எழுத முடியும்.

தட்டில் தரவு ‘செக்டார்’ என்ற சிறு பாத்திகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பாத்தியில் 512 பைட், புதிய டிஸ்க்குகளில் 4,096 பைட். ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறியீடும் சேர்த்தே எழுதப்படுகிறது. படிக்கும்போது ஓரிரு புள்ளி மங்கியிருந்தால் டிஸ்க் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். அந்தக் கணக்கும் பலிக்காத அளவுக்குக் கெட்டுவிட்டால் அது பேட் செக்டார்.

கெட்ட செக்டாரைக் கண்டதும் டிஸ்க் சும்மா விடாது. ஹெட்டைக் கொஞ்சம் இப்படி நகர்த்தி, கொஞ்சம் அப்படி நகர்த்தித் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரே ஒரு செக்டாரில் பல நொடிகள் போகும். அது தோற்றதும் விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். அக்கா வீட்டில் ஃபோல்டர் அப்படியே நின்றுபோனதன் காரணம் இதுதான். இந்த நேரம் முழுக்க, ஏற்கெனவே தளர்ந்துபோன ஹெட், தட்டின் புண்பட்ட இடத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் மிச்சமிருக்கும் படிப்புகள் எண்ணி வைத்தவை. அவற்றை எதற்குச் செலவிடுகிறோம் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

‘ஸ்கேன் போடுவது’ அந்தக் கையிருப்பை அள்ளி வீசுகிற காரியம். டிஸ்க் முழுவதையும் கெட்ட இடங்கள் உட்பட ஒரு பலனும் இல்லாமல் படித்துத் தீர்க்கும். கோப்புப் பட்டியலைச் ‘சரிசெய்கிறேன்’ என்று நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதவும் செய்யும். அந்த எழுத்தில் எஞ்சியிருந்த தடயங்களும் அழிந்துபோவது உண்டு. ஃப்ரீசரில் வைப்பது, மேசையில் தட்டுவது போன்ற கைவைத்தியங்களைச் செய்யவே கூடாது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டின் மேல் பனித்துளியாகப் படியும். மிதக்கும் ஹெட்டுக்கு அது ஏரி.

சரி, எப்படிப் படிப்பது? ‘எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம்’ என்பது நாம் கெட்ட அர்த்தத்தில் சொல்லும் பழமொழி. இங்கே அதையே நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். தீப்பிடித்த வீட்டுக்குள் ஓடுகிறவர் பூட்டிய இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கமாட்டார். கைக்கு எட்டியதையெல்லாம் முதலில் வெளியே எறிவார், பெட்டியைக் கடைசியில் பார்ப்பார். அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004 முதல் உருவாக்கிப் பராமரித்துவரும் ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது.

சாதாரணமாக நகலெடுக்கும்போது கணினி ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாகப் போகும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. பெரிய பெரிய துண்டுகளாகப் படித்துக்கொண்டே போகும். ஒரு இடம் தகராறு செய்தால் உடனே விட்டுவிட்டு முன்னே தாவும். மறுபடியும் தகராறு என்றால் தாவும் தூரத்தைக் கூட்டும். நல்ல பகுதிகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு, எதிர்த்திசையிலிருந்து திரும்பி வரும். இப்படி இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, கெட்ட பகுதியின் எல்லை எது என்று கண்டுபிடிக்கும். அதற்கும் பிறகுதான் அந்த எல்லைக்குள் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டும். திரும்பத் திரும்ப முயல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எனக்கு மிகவும் பிடித்தது அது எழுதி வைக்கும் ‘மேப் ஃபைல்’ என்ற சின்னக் குறிப்பு. கைக்கு வந்த பகுதிக்குக் கூட்டல் குறி, இன்னும் தொடாத இடத்துக்குக் கேள்விக்குறி, தேறாது என்று தெரிந்த இடத்துக்குக் கழித்தல் குறி. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படித்ததை இரண்டாம் முறை படித்து டிஸ்க்கின் ஆயுளை வீணாக்காது.

அக்காவின் டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸில் ஓடும் இன்னொரு கணினியில் இணைத்தேன். விண்டோஸில் இணைத்தால் அது கேட்காமலேயே டிஸ்க்கைத் திறந்து மேய ஆரம்பித்துவிடும். நகல் விழ வேண்டிய புது டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை அவற்றின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பார்த்து இரண்டு முறை சரிபார்த்தேன். இங்கே இடமும் வலமும் மாறினால் காலி டிஸ்க்கை அப்பாவின் படங்கள் மேல் எழுதிவிடுவோம். 500 ஜிபி டிஸ்க். ஒரு ராத்திரியில் 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. மீதி ஒரு சதவீதத்துக்கு மூன்று நாள் ஆனது.

கோப்புகளைத் தேடும் வேலை அதற்கு அப்புறம்தான். அதுவும் நகலில் மட்டும். கோப்புப் பட்டியல் நன்றாக இருந்தால் நேராகத் திறந்துகொள்ளலாம். பட்டியல் சிதைந்திருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்க்கவே பார்க்காது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு தலையெழுத்து உண்டு. ஜேபெக் படம் என்றால் 255, 216, 255 என்ற மூன்று எண்களில்தான் தொடங்கும். தட்டு முழுக்க அந்த முத்திரையைத் தேடிப் போய், கண்ட இடத்திலிருந்து படத்தை உருவி எடுக்கும். கோப்பின் பெயர் கிடைக்காது. துண்டு துண்டாக எழுதப்பட்ட கோப்பு பெரும்பாலும் முழுசாகக் கிடைக்காது. கொலம்பியாவின் டிஸ்க்கில் தரவு வரிசையாகக் கிடந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது இங்கேதான் விளங்கும்.

இவ்வளவும் பேட் செக்டார் நோய்க்குத்தான். டிஸ்க் ‘டக், டக், டக்’ என்று சீராகச் சத்தம் போட்டால் கதை வேறு. தட்டில் தொழிற்சாலையிலேயே வழிகாட்டிக் குறிகள் எழுதப்பட்டிருக்கும். ஹெட் அவற்றைப் படித்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறது. குறி தெரியாவிட்டால் கை தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி முயலும். அந்தப் போக்குவரத்தின் சத்தம்தான் நம் காதில் விழுகிறது. பெரும்பாலும் ஹெட் கெட்டுவிட்டது என்று அர்த்தம். எந்த மென்பொருளும் உதவாது. தூசி நீக்கிய அறையில், அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட்டைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். செலவு பல ஆயிரங்கள் ஆகும். வீட்டில் மூடியைத் திறந்துபார்த்த டிஸ்க்கைக் கொண்டுபோனால் மீட்பு நிபுணர்களாலும் அதிகம் செய்ய முடியாது. முன்பு அடியில் உள்ள மின்சுற்றுப் பலகையை மாற்றினாலே சில டிஸ்க்குகள் உயிர்பெறும். இப்போது அந்தந்த டிஸ்க்குக்கென்றே அளந்து வைத்த விவரங்கள் அந்தப் பலகையின் ஒரு சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவது வீண்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல கணினிகள் தண்ணீரில் மூழ்கின. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து ஓட்டிப்பார்க்கத்தான் நமக்குத் தோன்றும். அது தவறு. தண்ணீர் வற்றினாலும் சேறும் உப்பும் தட்டில் ஒட்டி இறுகிவிடும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, மின்சாரம் கொடுக்காமல் அப்படியே மீட்பு நிபுணரிடம் சேர்க்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லையா? ஓரளவு உண்டு. ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கிறது. எத்தனை செக்டார்களைக் கைவிட்டது, எத்தனை சந்தேகத்தில் நிற்கின்றன என்றெல்லாம் அதில் பார்க்கலாம். கூகுள் ஆய்வாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னையே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், பிழை இல்லாத டிஸ்க்கைவிட அது அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ஆகவே முதல் பேட் செக்டாரை அலட்சியம் செய்யாதீர்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பநிலையை விட்டுப் பார்த்தால், எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை. தரவைச் சிப்பில் வைக்கும் எஸ்எஸ்டி என்ற வகையில் சுழலும் தட்டு இல்லாததால் சத்தமும் கேட்காது. நேற்று வரை ஓடியது இன்று காலை கணினிக்கே தெரியாமல் போகலாம். அதில் அழித்த கோப்பின் இடத்தை ‘டிரிம்’ என்ற கட்டளை சுத்தமாக்கிவிடுவதால் மீட்கவும் பெரும்பாலும் வழியில்லை.

அக்காவின் டிஸ்க்கில் கடைசிவரை படிக்க முடியாத செக்டார்கள் ஒரு கல்யாண வீடியோவின் நடுவில் விழுந்திருந்தன. அப்பாவின் படங்கள் எல்லாமே கிடைத்தன. இப்போது அவை மூன்று இடத்தில் இருக்கின்றன: அக்கா வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. உங்கள் வீட்டுப் படங்கள் ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று வாங்கி நகலெடுத்து அதை வேறு வீட்டில் வையுங்கள். அதற்குள் டிஸ்க் திணறினாலோ சத்தம் போட்டாலோ முதலில் சுவிட்ச்சை அணையுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று அதன் பிறகு யோசிக்கலாம்.