நீலகிரியும் ஆதி அலைகளும்

நடுவட்டத்துச் சரிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அன்னிய அரசாங்கத்தார் சின்கோனா பயிரிட்டுக் கொயினா செய்வித்ததை நேயர்கள் அறிவர். அது அவர்கள் தேவைக்காக, அவர்கள் யோசனையால் நடந்தது. அதே நீலகிரியில், உதகைக்கு அடுத்த முத்தோரையில், நம்மவர் யோசித்து நம்மவரே நிர்மாணித்த கருவியொன்று 1970 முதல் வேலை செய்து வருகிறது. கோவிந்த ஸ்வரூப் அமைத்த அந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. மலைச் சரிவும் அவ்விடத்து அட்சரேகையும் 11 டிகிரியாய் ஒத்திருப்பதால், ஒரே அச்சில் திரும்பி ஒரு நட்சத்திரத்தை அது பல மணி நேரம் தொடர்கிறது.

பல்ஸார் என்னும் நட்சத்திரங்கள் கடிகாரம்போல் துடிப்பவை. ஈர்ப்பு அலைகள் கடந்து செல்லுகையில் அத்துடிப்புகள் நம்மை வந்தடையும் காலம் அணுவளவு மாறும். இதை அளக்கும் இந்தியக் குழுவினர் தொடக்கத்தில் முத்தோரைக் கருவியையும் புனா அருகிலுள்ள பெரிய தொலைநோக்கியையும் உபயோகித்தனர். 2023 ஜூனில் ஐரோப்பியருடன் சேர்ந்து, ஓர் அசைவுக்கே வருஷக்கணக்கில் செல்லும் ஈர்ப்பு அலைகளுக்குச் சான்று கிடைத்ததென அறிவித்தனர். பெருங்கருந்துளை ஜோடிகளே அவற்றின் காரணம் என்பர் பலர். ஆதிப் பிரபஞ்சத்தின் அலைகளும் கலந்திருக்கலாம் என்பாரும் உளர்.

பிரபஞ்சம் தோன்றி ஏறக்குறைய ஒரு செகண்டில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிற பொருள்களின் பிடியினின்று விடுபட்டு ஓடின. அவ்வோட்டம் ஈர்ப்பு அலைகளின் வலிமையை மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைக்கும் என்று 2003-ல் ஸ்டீவன் வெய்ன்பெர்க் கணக்கிட்டார். இப்போது அளக்கப்படுவனவற்றிலும் மெதுவான அலைகளிலேயே அத்தழும்பைத் தேட வேண்டும். நியூட்ரினோக்கள் தாமதமாக விடுபட்டிருப்பின், தழும்பு இன்னும் மெதுவான அலைகளுக்கு நகரும். ஒளி ஊடுருவ இயலாத அக்காலத்திற்கு இவ்வலைகளும் நேர்ச் சாட்சி.

நீலகிரியின் சிங்காராவில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க உத்தேசித்தபோது, முதுமலை வனத்தைக் கருதி மத்திய சர்க்கார் 2009-ல் அனுமதி மறுத்தனர். பின்னர் தேர்ந்தெடுத்த தேனி ஜில்லாப் பொட்டிப்புரத்திலும் எதிர்ப்பு எழுந்தது. காட்டைக் காக்க விரும்புவோர் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்லர்; விஞ்ஞானத்தை விரும்புவோர் காட்டின் விரோதிகளும் அல்லர். ஆராய்ச்சி இன்னதென்று ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் முன்கூட்டியே விளக்குவதும், அவர்கள் சொல்லைக் கேட்பதுமே இருசாராரையும் இணைக்கும் வழி.

நடுவட்டத்துப் பிள்ளைகள் முத்தோரைக் கருவியைக் கண்டு, அதன் வேலையைத் தமிழிலே கேட்டறிய வேண்டும். பிறர் யோசனைக்கு உழைத்த மலையில், நம் யோசனைக்கு உழைப்போர் அப்பொழுதுதான் தோன்றுவர் என்பது நமது துணிபு.