உப்புக் கணக்கு

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஊற்றினால் 9 கேன். சிறுநீராகப் போவதோ ஒன்றரை லிட்டர்தான். மற்றதையெல்லாம், அதிலுள்ள உப்போடு சேர்த்து, தலைமுடியைவிட மெல்லிய லட்சக்கணக்கான நுண்குழல்கள் மீட்டு இரத்தத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன.

இந்த வேலை சில மணி நேரத்திலோ சில நாளிலோ படுத்துவிட்டால் அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. தசைகள் தள்ளும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறி அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏன் என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ பல நேரம் உப்பில் எழுதியிருக்கிறது.

மே மாத வெயிலில் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் சுருண்டு விழுந்தவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய நுண்குழல்களுக்குப் பெரும்பாலும் காயமில்லை. வந்து சேரும் இரத்தம்தான் குறைவு. அதனால் அவை உப்பிலுள்ள சோடியத்தையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, சிறுநீரில் அது மிகக் குறைவாகவே இருக்கும். நுண்குழலே அடிபட்டிருந்தால் பிடிக்கக் கைவராது; சோடியம் ஒழுகும். ஒரு குப்பிச் சிறுநீர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு இன்னும் வினோதமாகும். சென்னையில் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருவில் தேங்கும் மழைநீரில் எலியின் சிறுநீரும் கலக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் நுண்குழல்களுக்குள் அதற்கு நோய் தராமலே குடியிருக்கும். தண்ணீரில் ஊறிய காலின் சிறு கீறல் வழியே நமக்குள் நீந்தி வந்து, நம் நுண்குழல்களையும் தேடிப் போகும். அங்கே உப்பை மீட்கும் புரதங்களை அது முடக்குகிறது. தவறிய சோடியத்தைக் குழலின் கடைசிப் பகுதி பிடிக்கப் பார்க்கிறது. பிடிக்கும்போது மாற்றாகப் பொட்டாசியத்தைக் கொடுத்துவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தால் பொதுவாக இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே மிரட்டும். எலிக்காய்ச்சலில், அதுவும் தொடக்கத்தில், பலருக்கு அது இறங்கியிருக்கும். சிறுநீரும் தாராளமாகப் போகும். எனக்குப் பிடித்த தடயம் இதுதான். திருடன் விட்டுச்சென்ற செருப்பு மாதிரி.

முத்துசேதுபதி, சிவகுமார் முதலிய சென்னை மருத்துவர்கள் 1990களிலேயே இந்நகரத்து எலிக்காய்ச்சலை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனாலும் நோயை உறுதிசெய்யும் எதிர்ப்புப்பொருள் இரத்தத்தில் தென்பட ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாது. சிவந்த கண், தொட்டால் வலிக்கும் கெண்டைக்கால், கூடவே செலவில்லாத ஒரு கேள்வி: “மழைத்தண்ணியில நின்னீங்களாண்ணே?” ஆமாம் என்றால் அப்போதே மருந்து ஏறத் தொடங்கும். சிலருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும். உரிய நேரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் பழையபடி வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

இத்தனையும் செய்யும் கிருமியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. இருண்ட பின்னணியில் ஒளிரவைத்தோ தனிச் சாயம் ஏற்றியோதான் பார்க்க முடியும். 1907இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாக எண்ணப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். நுண்குழல்களில் சுருள்சுருளாக ஏதோ கிடந்தது, நுனி கொக்கிபோல் வளைந்து. அவருக்கு அது கேள்விக்குறியாகத் தெரிந்தது. ‘கேள்வி கேட்பது’ என்று பொருள்படும் ‘இன்டெரோகன்ஸ்’ என்ற பெயரையே அதற்கு வைத்தார்.