சப்தம் குறைந்த கணிப்பொறிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணிப்பொறியைத் தனித்தனி உறுப்புக்களாக வாங்கித் தாமே சேர்த்து அமைத்துக் கொள்வோர் இன்று பலர் உளர். இவர்கள் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் நுணுகி ஆராய்கின்றனர். ஆனால் இவ்வுறுப்புக்களைத் தாங்கும் பெட்டியை, அதாவது கடைக்காரர்கள் ‘கேபினெட்’ என்று கூறுவதை, விலையையும் தோற்றத்தையும் மட்டுமே பார்த்து வாங்கிவிடுகின்றனர். கணிப்பொறி எழுப்பும் சப்தம், உறுப்புக்களின் ஆயுள், பிற்காலச் செலவு ஆகிய மூன்றும் இப்பெட்டியைப் பெரிதும் பொறுத்தவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹப்சிகுடாவின் சூழ்நிலை

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹப்சிகுடா விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். 1961இல் தோன்றிய தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இங்கு உப்பல் சாலையில் அமைந்துள்ளன. இப்பகுதியில் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறியை அமைப்பவர் மூன்று இயற்கை நிலைமைகளைக் கருத வேண்டும். மே மாதத்தில் பகல் உஷ்ணநிலை 40 டிகிரி செல்ஸியஸை எட்டுவதுண்டு. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று சற்று அடர்த்தி குறைந்தது. போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலையின் தூசியும் உள்ளே வந்து சேருகிறது. வேலூரிலும் திருச்சியிலும் கோடையும் தூசியும் இதற்குக் குறைந்தவை அல்ல. ஆகவே இங்குக் கூறுவன தமிழ்நாட்டிற்கும் பொருந்தும்.

300 வாட் மின்சாரத்தை உபயோகிக்கும் கணிப்பொறி, அவ்வளவு ஆற்றலையும் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. உள்ளே செல்லும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதலாகச் சூடேற வேண்டுமாயின், கடற்கரையில் 25 டிகிரி உஷ்ணநிலையில் விநாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். ஹப்சிகுடாவின் உயரத்தில், 40 டிகிரி வெயிற்காலத்தில், அதே வேலைக்கு 28 லிட்டர் தேவைப்படுகிறது. குளிர்நாட்டில் அமைதியாக இயங்கும் பெட்டி இங்கு இரையத் தொடங்குவதன் காரணங்களுள் இது ஒன்று.

மூடினால் சப்தம் அடங்குமா?

சப்தத்தைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியை நாற்புறமும் நன்கு மூடிவிட வேண்டும் என்பது பலருடைய எண்ணம். உட்புறம் நுரைப் பலகை ஒட்டி, முகப்பைக் கதவுபோல் அடைத்த பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. நுரைப் பலகை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த முழக்கத்தை அது அதிகம் தடுப்பதில்லை. அத்துடன், முகப்பு அடைபட்டால் காற்று வரும் வழி குறுகுகிறது. உள்ளே உஷ்ணம் ஏறுகிறது. அதை உணர்ந்த கணிப்பொறி தன் விசிறிகளை மேலும் விரைவாகச் சுழற்றுகிறது. சப்தத்தை அடக்கச் செய்த ஏற்பாடே அதனை வளர்த்துவிடுகிறது.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அதன் ஒலி சுமார் 15 டெசிபல் தணியும். ஒரு விசிறிக்குப் பதிலாக அதே வகையான இரண்டைப் பாதி வேகத்தில் இயக்கினால் காற்றின் அளவு குறையாது. இரண்டாவது விசிறியால் கூடும் ஒலி 3 டெசிபல்தான். ஆகவே நிகரமாக 12 டெசிபல் ஆதாயம் கிடைக்கிறது. இதே காரணத்தால் 80 மில்லிமீட்டர் விசிறியைவிட மெதுவாகச் சுழலும் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி சிறந்தது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேகம் பாதியானால் விசிறியின் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மெதுவான விசிறியால் அடைபட்ட துவாரங்களின் வழியே காற்றைத் தள்ள இயலாது. எனவே, அமைதியான கணிப்பொறிக்கு வேண்டியது மூடிய பெட்டி அன்று. காற்று தடையின்றிச் செல்லும் திறந்த பெட்டியே.

வகுப்பறையில் இதன் முக்கியத்துவம்

வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஒரே வகையான 20 கணிப்பொறிகள் ஓர் அறையில் இயங்கினால் மொத்த ஒலியாற்றல், ஒன்றினுடையதைவிட 13 டெசிபல் உயரும். கடையில் தனியாக இயங்கும்போது பொருட்படுத்தத் தகாததாகத் தோன்றும் ஓசை, கணிப்பொறி அறையில் ஆசிரியரின் குரலோடு போட்டியிடும். கடைசி வரிசையில் உள்ள மாணவனே இதனால் முதலில் பாதிக்கப்படுகிறான்.

அதிர்வைத் தடுத்தல்

சப்தம் காற்றின் வழியாக மட்டும் பரவுவதில்லை. திடப்பொருள்கள் வழியாகவும் பரவுகிறது. நிலநடுக்கமானிகளைப் பொருத்துவோர், கட்டிடத்தின் தரையோடு ஒட்டாத தனி மேடையின் மீது அவற்றை வைப்பது வழக்கம். நடமாட்டத்தின் அதிர்வு கருவியை எட்டாதிருக்கவே இந்த ஏற்பாடு. கணிப்பொறிப் பெட்டியிலும் தத்துவம் இதுவே. ஆனால் இங்கு உள்ளேயுள்ள கருவியின் அதிர்வு வெளியே பரவாமல் காக்க வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், விநாடிக்கு 120 அதிர்வுகள் கொண்ட முழக்கத்தை எழுப்பும். அதை மெல்லிய தகட்டில் நேராகத் திருகினால் பெட்டி முழுவதும் மத்தளம்போல் ஒலிக்கும். ரப்பர் வளையங்களின் மீது பொருத்தினால் முழக்கம் தணியும். அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்திற்கு இத்தொல்லை இல்லை.

பிரித்து அமைக்கத்தக்க பெட்டி

ஹைதராபாத்திலுள்ள இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் 1967இல் தொடங்கப்பட்டு, 1969இல் டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறியைத் தயாரித்தது. அக்காலத்துக் கணிப்பொறிகள் அலமாரி போன்ற சட்டங்களில் அமைந்தவை. பழுதுற்ற அட்டையை மட்டும் உருவி மாற்றும் வசதி அவற்றில் இருந்தது. இன்று ‘மாடுலர்’ என்று விற்கப்படும் சிறு பெட்டிகளின் கருத்தும் அதுவே. ஹார்டு டிஸ்க் கூடு, விசிறித் தாங்கி, முகப்பு, தூசி வடிகட்டி ஆகியவை தனித்தனியே கழன்று வர வேண்டும். தேவையற்ற கூட்டை அகற்றினால் காற்றின் வழியும் விரிவாகும்.

1995இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறையை ஏற்ற பெட்டியே நெடுநாள் உதவும். இம்முறைப்படி முழு மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். எனப்படும் சிறிய வகை 244க்கு 244 மில்லிமீட்டர். பெரியதை ஏற்கும் பெட்டி பொதுவாகச் சிறியதையும் ஏற்கும். மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பலமுறை மாற்றினாலும் பெட்டி நிலைத்திருக்கும். தனி வடிவுடைய எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே பொருந்தும் பெட்டி, அவ்வுறுப்பு பழுதாகிக் கிடைக்காமற் போனால் தானும் பயனற்றதாகிவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சிக்கந்தராபாத் பார்க் லேனிலுள்ள கணிப்பொறிக் கடைகளுக்கோ வேறெங்கோ செல்பவர் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

1. முகப்பு வலையினால் ஆனதா, அன்றிக் கண்ணாடியாலோ பலகையாலோ அடைபட்டதா? அடைபட்டிருந்தால் பக்கவாட்டில் இரு விரல் நுழையும் அளவிற்காவது இடைவெளி வேண்டும்.

2. பக்கத் தகட்டை விரலால் தட்டினால் அதிர்ந்து ஒலிக்கிறதா? அத்தகைய தகட்டைத் தவிர்க்க வேண்டும்.

3. தூசி வடிகட்டி கருவியின்றிக் கையால் கழன்று வருகிறதா? கழற்றக் கடினமான வடிகட்டியை எவரும் கழுவுவதில்லை.

4. செயலியின் குளிர்விப்பானுடைய உயரமும் கிராபிக்ஸ் கார்டின் நீளமும் பெட்டிக்குள் அடங்குமா? வாங்கவுள்ள உறுப்புக்களின் அளவுகளை முன்னதாகவே தாளில் குறித்துச் செல்லலாம்.

நிறுவுதலும் பராமரிப்பும்

வடிகட்டியுள்ள முன்புறத்தில் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்புறத்தில் ஒன்று வெளியேற்றுமாறு அமைத்தால், காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே நுழையும். இடுக்குகளின் வழியே தூசி புகுவது குறையும். பெட்டியைத் தரையில் வைக்காமல் சிறு முக்காலியின் மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். மின்சாரச் செருகியைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உலோகப் பெட்டி தரையிணைப்புப் பெறுவது மூன்றாவது முள்ளின் வழியாகவே ஆதலால், மும்முனைச் செருகியையே உபயோகிக்க வேண்டும்.

கோடையில் மாதம் ஒரு முறை வடிகட்டியை நீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் பொருத்த வேண்டும். அடைபட்ட வடிகட்டி, மூடிய முகப்பின் கேட்டையே விளைவிக்கும். சப்தம் முன்னைவிட உயர்ந்திருந்தால், புது விசிறி வாங்குமுன் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது சிக்கனமான முதற்பரிசோதனையாகும்.