காட்டுக்குப் போயிடலாம்னு தோணுதா? பழவேற்காடு சொல்லும் பதில்

‘எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது காட்டுப் பக்கம் போயிடலாம் போல இருக்கு.’ வீட்டில் கல்யாணப் பேச்சோ கடன் பேச்சோ முற்றும்போது பலருக்கும் வரும் எண்ணம் இது. சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரியைப் பார்த்தால் அந்த ஆசை இன்னும் கூடும். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம். கேள்வி கேட்க ஆளில்லை.

ஆனால், இந்த ஏரி உண்மையில் ஆளில்லாத இடமா?

தண்ணீரிலும் குடும்பக் கணக்கு

இல்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வழக்கப்படி பங்கு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஊருக்கு வரி கட்டணும், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்படணும். ஆக, அங்கே ‘கல்யாணம் எப்போ?’ என்ற கேள்வி பிழைப்போடு சேர்ந்தே வருகிறது. பெண்களுக்கோ அந்தக் கணக்கில் இடமே இல்லை. வெளியூர்க்காரருக்கு ஓய்வு தரும் இதே தண்ணீர், கரையில் இருப்பவருக்குப் பொறுப்பு.

எதிரே இருக்கும் காடு

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே காடு உண்டு. அதுவும் காலியாக இருந்ததில்லை. யானாதி பழங்குடிகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்காக அந்தத் தீவு தேர்வானது. பல குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நாம் தப்பி ஓட நினைக்கும் காடு, இன்னொருவர் இழந்த வீடு.

ஓடிப்போனவரைத் தேடி வந்த வீடு

உண்மையிலேயே போனவர்களும் உண்டு. 1896-ல் மதுரையில், அண்ணன் கண்டித்த அன்று 16 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. 1898-ல் தாய் அழகம்மாள் வந்து அழைத்தும் அவர் திரும்பவில்லை. 1916-ல் தாயே மகனோடு தங்க வந்துவிட்டார். 1922-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. மலைக்குப் போனாலும் உறவு விடவில்லை. அதன் வடிவம்தான் மாறியது.

அப்போ என்னதான் செய்வது?

தள்ளி இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ரெண்டு நாள் எங்காவது போய் வரலாம்; யாராவது ஒருத்தரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் எது பாரம் என்பதைப் பெயர் சொல்லிப் பேசுங்கள்: கல்யாணமா, கடனா, வேலையா? பெயர் வைத்தால்தான் பேரம் பேச முடியும்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டிலிருந்து வெளியேறுவது ஓட்டமல்ல, பாதுகாப்பு. பெண்கள் 181, சிறார்கள் 1098 எண்ணை அழைக்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் ‘டெலி மானஸ்’ 14416.